தீ இல்லாத நாளில் தீயணைப்புக்காரருக்கு என்ன வேலை?

மட்டக்களப்பு ஊறணிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறாராம். அம்மா மறிக்கிறாவாம். “வருசத்துல நாலு நெருப்புப் பிடிக்கும். மத்த நாளெல்லாம் கரம் விளையாடுறதுதான் அங்க வேலை. இதுக்குத்தான் படிச்சியா மனே?” என்றாவாம். உண்மையில் அங்கே நாள் முழுக்க என்னதான் செய்வார்கள் என்பது அவருடைய கேள்வி. கிழக்கில் இந்த வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, கரம் போர்ட் இருப்பது உண்மைதான். எங்களுடையதில் ஒரு மூலைப் பை கிழிந்திருந்தது. காய் விழுந்தால் மேசைக்குக் கீழே போய்த் தேட வேண்டும். சரி, அதை ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பொலிசைப் போல நாடு முழுவதற்கும் ஒரே தீயணைப்புப் படை நமக்கு இல்லை. இங்கே தீயணைப்பு என்பது உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு. மட்டக்களப்பு மாநகர சபைக்கு ஒரு பிரிவு, கல்முனை மாநகர சபைக்கு ஒரு பிரிவு என்று இருக்கும். ஆனால் நெருப்புக்கு மாநகர எல்லை தெரியாது. காத்தான்குடிக் கடைத்தெருவில் பிடித்தாலும், ஏறாவூரில் பிடித்தாலும், முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் வாழைச்சேனையில் பிடித்தாலும் போன் வரும். போய்ச் சேரும்போது கூரை இறங்கியிருந்தால் சனம் ஏசும். ஏச்சு வாங்குவதும் சம்பளத்துக்குள் அடக்கம் என்று எங்கள் பெரியவர் ஒருவர் சொல்வார்.

இப்போது காலைக்கு வருவோம். முறை மாறும்போது போகிறவர்கள் வருகிறவர்களிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டும். இதற்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். தாங்கியில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று மானியைப் பார்த்தால் போதாது, மேலே ஏறி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். எஞ்சின் ஒயில், பற்றறி, டயர், சைரன். அப்புறம் பம்பை ஓடவிட்டு அமுக்கம் ஏறுகிறதா என்று பார்ப்பது. பிறகு வண்டியின் பக்கக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து சாமான் எண்ணுவது: ஹோஸ், அதன் நுனியில் பூட்டும் நொசல், கோடரி, அலவாங்கு, கயிறு, ஏணி, வெட்டும் கருவி. எண்ணினால் மட்டும் போதாது. எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இரவு இரண்டு மணிக்குப் புகைக்குள் நின்று டோர்ச் அடித்துத் தேட நேரம் கிடைக்காது. புதிதாக வரும் பொடியன்களின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, “இரண்டாம் தட்டில் பெரிய நொசலை எடு” என்று சொல்லிப் பழக்குவோம். பார்த்தால் விளையாட்டுப் போல இருக்கும்.

மூச்சுக் கருவிக்குத் தனி மரியாதை. முதுகில் போடும் சிலிண்டர் சாதாரணமாக 6 லீற்றர் கொள்ளளவு, 300 பார் அமுக்கம். கணக்குப் பார்த்தால் 1,800 லீற்றர் காற்று. அதில் இருப்பது வெறும் ஒட்சிசன் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் அமுக்கி அடைத்திருக்கிறார்கள். பாரம் தூக்கிக்கொண்டு வேலை செய்யும் ஒருவர் நிமிடத்துக்கு 40 லீற்றரும் அதற்கு மேலும் இழுப்பார். அப்படியானால் 45 நிமிடம் வரும் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். வராது. திரும்பி வரும் வழிக்குக் காற்று மிச்சம் வேண்டும், பயந்தால் மூச்சு இரட்டிப்பாகும். ஏறத்தாழ 55 பாருக்கு இறங்கியதும் விசில் ஒன்று கத்தத் தொடங்கும். விசில் கேட்டபின் வெளியேறத் தொடங்குவது பிழை. அது கத்தும்போது நீங்கள் வாசலில் நிற்க வேண்டும்.

அடுத்தது ஹோஸ். எங்கள் வேலையில் பாதி ஹோஸ் வேலைதான். பாவித்த ஹோஸைக் கழுவி, மண் போகத் தேய்த்து, நீட்டித் தொங்கவிட்டுக் காயவைத்து, பிறகு சுற்ற வேண்டும். ஈரத்தோடு சுற்றி வைத்தால் மடிப்பில் பூஞ்சணம் பிடித்து, தேவையான நாளில் அந்த இடத்திலேயே வெடிக்கும். இரண்டு ஹோஸைப் பொருத்தும் இடத்தில் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது வெடித்தோ தொலைந்தோ போனால் தண்ணீர் நெருப்புக்குப் போகாமல் பொருத்தில் விசிறியடிக்கும். எங்களுக்கு ஒருமுறை அப்படி நடந்தது. தீப்பிடித்த வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, பக்கத்து வீட்டு மதில் குளித்தது. அன்று பின்னேரம் இருந்த ஹோஸ் முழுவதையும் எடுத்து வளையம் வளையமாகப் பார்க்க வைத்தார் எங்கள் பொறுப்பதிகாரி. ஒருவரும் கரம் போர்ட் பக்கம் போகவில்லை.

இனித் தண்ணீர்க் கணக்கு. வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது, தெரிந்தால் பாதி ஏச்சு குறையும். வண்டியில் 4,000 லீற்றர் தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். நல்ல நொசல் ஒன்று நிமிடத்துக்கு 400, 500 லீற்றர் குடிக்கும். ஒரு நொசல் என்றால் எட்டு, பத்து நிமிடம். இரண்டு நொசல் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் தாங்கி காலி. இதற்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் ஊர் ஒழுங்கைகளுக்குள் பெரிய வண்டி போகாது. பிரதான வீதியில் நிறுத்திவிட்டு நூறு மீற்றர் ஹோஸ் இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 64 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஹோஸ், ஒன்று 25 மீற்றர், நான்கு துண்டு. ஒரு துண்டு நிரம்ப 80 லீற்றர் வேண்டும். ஆக நெருப்பில் முதல் துளி விழுவதற்கு முன்பே 320 லீற்றர் ஹோஸ் வயிற்றுக்குள் போய்விடும். நிரம்பிய ஹோஸ் ஒரு துண்டு 80 கிலோவுக்கு மேல் பாரம், அதையும் வளைத்து வளைத்து இழுக்க வேண்டும். அதனால்தான் எந்த ஒழுங்கைக்குள் வண்டி எவ்வளவு தூரம் போகும், எங்கே திருப்பலாம், எங்கே கரண்ட் வயர் தாழத் தொங்குகிறது என்பதையெல்லாம் முதலே போய்ப் பார்த்து வைப்போம். அமைதியான நாட்களில் எங்கள் வண்டி ஊருக்குள் சும்மா சுற்றுவது போலத் தெரிந்தால், பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

தாங்கி முடிந்தால் தண்ணீர்ப் பவுசர் வர வேண்டும், இல்லாவிட்டால் நீர்நிலை வேண்டும். மட்டக்களப்புக்கு ஒரு கொடுப்பினை, எந்தப் பக்கம் திரும்பினாலும் வாவி. புளியந்தீவு பேருக்கேற்ப தீவுதான், நான்கு பக்கமும் தண்ணீர். ஆனால் வாவியிலிருந்து இழுப்பதிலும் வேலை இருக்கிறது. பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை அது எடுத்துவிட, வெளிக்காற்றின் அமுக்கம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதனால் எவ்வளவு நல்ல பம்ப் என்றாலும் ஏழு மீற்றர் உயரத்துக்கு மேல் நடைமுறையில் ஏற்ற முடியாது. வாவி வீதிக்கு அடுத்தே இருப்பதால் நமக்கு உயரம் பிரச்சினை இல்லை, சேறும் சல்வீனியாவும் ஆற்றுவாழையும்தான் பிரச்சினை. உறிஞ்சு குழாயின் வாயில் வடிகட்டி போட்டு, அதைக் கயிற்றில் கட்டி, அடியிலும் முட்டாமல் மேலேயும் மிதக்காமல் பிடித்திருக்க ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். நெருப்புப் படம் எடுக்க வருகிறவர்கள் ஒருநாளும் அவரைப் படம் எடுப்பதில்லை. வாவித் தண்ணீர் உவர். வேலை முடிந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுப் பம்பையும் ஹோஸையும் கழுவ வேண்டும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும். கழுவாமல் படுத்தால் உப்பு பம்பை உள்ளுக்குள் தின்றுவிடும்.

போன் எடுப்பதும் ஒரு வேலை, அதற்கும் பழக்கம் வேண்டும். ஒரு இரவு பெண்குரல் ஒன்று, “உப்போடையில வீடு எரியுது, கெதியா வாங்க” என்றுவிட்டு வைத்துவிட்டது. மட்டக்களப்பில் எந்த உப்போடை? பெரிய உப்போடை, சின்ன உப்போடை, கல்லடி உப்போடை என்று மூன்று இருக்கின்றன. முதல் இரண்டும் நகரப் பக்கம். மூன்றாவதுக்குக் கல்லடிப் பாலம் கடக்க வேண்டும். அப்போது 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம்தான். ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம். 2013இல் புதுப் பாலம் வந்த பிறகுதான் அந்தத் தலையிடி தீர்ந்தது. போன் வந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தோம், பதில் இல்லை. வண்டியை வெளியே எடுத்துச் சந்தியில் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் செம்மை தெரிந்தது. அங்கே போனோம்.

ஆகவே யார் என்றாலும், போன் எடுத்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். பக்கத்தில் என்ன கோயில், என்ன பள்ளிவாசல், என்ன பாடசாலை. அதன் பிறகு என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறதா. நாங்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். ஒருவர் சந்திக்கு வந்து நின்று கை காட்டினால் பெரிய உதவி. உங்கள் ஊர்ப் பிரிவின் நேரடி இலக்கத்தை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். 110 என்று பலர் அடிப்பது கொழும்புப் பழக்கம், அது அங்குள்ள தீயணைப்பு இலக்கம். ஒன்றும் கைக்கு வரவில்லை என்றால் பொலிசுக்கு 119.

நெருப்பைப் பற்றி நான் குறைவாகவே எழுதுவேன், ஏனென்றால் அது சினிமாவில் வருவது போல் இருக்காது. உள்ளே போனால் நெருப்புத் தெரியாது, புகை மட்டும்தான். உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுவரை விடாமல், முழங்காலில் போக வேண்டும். முன்னால் தடவும்போது புறங்கையால்தான் தடவுவோம். காரணம், தொங்கும் வயரில் கரண்ட் இருந்தால் கை தானாக மடங்கும். உள்ளங்கையால் தொட்டால் வயரைப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் விலகி வரும். பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழும் அலுமாரிக்குள்ளும் தேட வேண்டும். பெரியவர்கள் வாசலை நோக்கி ஓடுவார்கள், பிள்ளைகள் ஒளிந்துகொள்ளும்.

வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது எங்களுக்கு நித்திரை குறைவு. மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த சூட்டுக் காற்றில் வளவுக்குள் கூட்டி எரித்த சருகே போதும். கிடுகு வேலியில் ஏறினால் ஆள் ஓடுவதை விட வேகமாக ஓடும். அந்த நேரத்தில் எரியும் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கூரையை நனைப்போம். எரிகிற வீட்டுக்காரர் சட்டையைப் பிடிப்பார். அவருக்கு அந்த நேரத்தில் விளங்கப்படுத்த முடியாது. அவருடைய கூரை போய்விட்டது, இருக்கும் ஐந்து நிமிடத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதுதான் எங்களுடைய கேள்வி.

குசினி நெருப்புக்கு ஒரு விஷயம் அம்மாவுக்கும் சொல்லுங்கள். தாச்சியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு பெருக்கும். எண்ணெய்க்கு அடியில் போய்ப் பெருக்கினால் எரியும் எண்ணெயை வீடு முழுக்கத் தெளித்துவிடும். அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடி, அப்படியே ஆறவிட வேண்டும். காஸ் வேறு கதை. அது காற்றை விடப் பாரம், நிலத்தோடு படுத்துக் கிடக்கும். மணம் வந்தால் லயிட் சுவிட்சைப் போடவும் கூடாது, நிற்பாட்டவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த மாதங்களில் எங்களைப் போன்ற பிரிவுகளுக்கு ஓய்வே இல்லை. பழைய மீன் நாற்றத்துக்கும் போன் வந்தது. ஒன்றும் சொல்ல முடியாது, போய்த்தான் பார்க்க வேண்டும். சிலிண்டர் வாயில் எரிகிறது, மூடவும் முடியவில்லை என்றால், நாங்கள் அந்தச் சுவாலையை அணைக்காமல் எரியவிட்டுக்கொண்டு சிலிண்டரின் உடலைத் தண்ணீரால் குளிர்த்துவோம். சனத்துக்கு இதுவும் கோபம் தரும். அணைத்துவிட்டால் காஸ் எரியாமல் வெளியேறி அறை முழுக்கச் சேரும். அடுத்த பொறிக்கு வீடே போகும்.

அம்பாறைப் பக்கம் போனால் அரிசி ஆலைகள். உமிக்குவியல் எரிவதை நீங்கள் பார்க்க வேண்டும். சுவாலை இருக்காது. ஒரு ஓரத்தில் மெல்லிய புகை, அவ்வளவுதான். தண்ணீர் அடித்தால் உமியின் மேலே உருண்டு ஓடிவிடும், உள்ளே இறங்காது. அடியில் கணகணவென்று இருக்கும். அணைந்துவிட்டது என்று திரும்பி வந்தால் மூன்றாம் நாள் மறுபடி போன். உமியை மண்வெட்டியால் அள்ளிப் பரப்பி, நனைத்து, மறுகா அடுத்த அடுக்கை அள்ள வேண்டும். ஒரு குவியலோடு நாங்கள் இரண்டு பகலும் ஒரு இரவும் மல்லுக்கட்டினோம். வீரமாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஒரு கிழமை தலைமயிரில் உமி மணம் போகவில்லை. நகரக் குப்பை மேட்டில் பற்றினாலும் இதே கதைதான், நாற்றம் மட்டும் கூட.

பிறகு தீயோடு சம்பந்தமே இல்லாத வேலைகள். கிணற்றில் மாடு விழும், ஆடு விழும். மாட்டுக்கு வயிற்றுக்குக் கீழே அகலமான பட்டி போட வேண்டும், வெறும் கயிறு இறுகினால் மூச்சு நின்றுவிடும். மேலே வந்ததும் அது நன்றி சொல்லாது, முட்டும். மனிதன் கிணற்றில் என்றால் நிலைமை வேறு. கிணறு இறைக்க உள்ளே மோட்டர் இறக்கி எண்ணெயில் ஓடவிட்டு, அந்தப் புகையில் ஒருவர் விழ, அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் விழ, என்று ஒரே வீட்டில் இருவர் போவதுண்டு. அந்தக் கிணற்றுக்குள் மூச்சுக் கருவி இல்லாமல் நாங்களும் இறங்க மாட்டோம். கரையில் நிற்கும் சொந்தக்காரர் எவ்வளவு கத்தினாலும்.

மாரியில் வெள்ளம். 2011 ஜனவரியில் வந்தது போன்ற வெள்ளத்தில் தீயணைப்புக்காரர் என்றாலும் படகுக்காரர் என்றாலும் ஒன்றுதான், கயிறும் கம்பும்தான் ஆயுதம். காற்று அடித்தால் வீதியில் விழுந்த மரத்தை வெட்டி வழி விட வேண்டும். 1978 நவம்பர் 23 புயலைக் கண்ட வீடுகளில் இன்றைக்கும் காற்று இரைந்தாலே கிழவிகள் கதவை இறுக்கிச் சாமியைக் கூப்பிடுவார்கள். விபத்தில் நசிந்த வாகனத்தை வெட்டி ஆளை எடுப்பது, மாமாங்கம் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் காவல் நிற்பது, பாடசாலைகளில் தீயணைக்கும் சிலிண்டரை எப்படிப் பாவிப்பது என்று செய்து காட்டுவது, கடைகளையும் ஹோட்டல்களையும் மண்டபங்களையும் போய்ப் பார்த்து அவசர வழியில் சாக்கு மூட்டை அடுக்கியிருப்பதைக் கண்டு சண்டை பிடிப்பது, எல்லாம் இதே சம்பளத்துக்குத்தான். அம்மன் கோயில் தீமிதிப்புக்கும் ஒருமுறை வண்டியோடு நின்றிருக்கிறேன். நெருப்பை மூட்டி வளர்த்துக்கொண்டிருக்க, நாங்கள் முழு உடுப்போடு பக்கத்தில் கைகட்டி நிற்கிறோம். பூசாரி எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம்.

தீ அணைந்த பிறகும் வேலை முடியாது. உள்ளே கிண்டி, கணப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்போது அழைப்பு வந்தது, எப்போது போனோம், எங்கே தொடங்கியது போலத் தெரிகிறது என்று அறிக்கை எழுத வேண்டும். காரணத்தைத் துருவுவது பொலிசும் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களமும். ஆனால் காப்புறுதிக்கு அலைபவர்கள் எங்கள் அறிக்கைக்குத்தான் வருவார்கள். எல்லாவற்றுக்கும் ‘மின்னொழுக்கு’ என்று எழுதிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள் என்பேன் நான்.

ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். ஓட்டு வீடு, பின்பக்கம் எரிகிறது. அந்த அக்கா வாசலில் நின்று ரீவியையும் கேட்கவில்லை, நகையையும் கேட்கவில்லை. “தம்பி, அலுமாரிக்கு மேல நீலச் சூட்கேஸ், அதை மட்டும் எடுத்துத் தாங்க” என்றா. எடுத்து வந்தோம். திறந்தால் பொலித்தீன் பைக்குள் பொலித்தீன் பையாகச் சுற்றி, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள். சண்டையிலும் சுனாமியிலும் இரண்டு தடவை எல்லாவற்றையும் இழந்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி எடுத்த கடதாசிகளாம். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, “கடதாசி எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்பது எங்கள் பழக்கமாகிவிட்டது. இது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்காது.

தம்பி, தகுதி, வயது, உயரம் எல்லாம் விண்ணப்பம் கோரும்போது போடுவார்கள், அதைப் பாருங்கள். அதற்குமுன் நீந்தத் தெரியாவிட்டால் பழகுங்கள். ஏணியில் மேலே ஏறிக் கீழே பார்த்துப் பாருங்கள், தலை சுற்றுகிறதா என்று. பாரம் சுமந்து ஓடிப் பழகுங்கள். ஒரு நாள் நிலையத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு நின்று பாருங்கள். போவதென்றால் பின்னேரம் போக வேண்டாம், அப்போது உண்மையிலேயே கரம் விளையாடிக்கொண்டிருப்பார்கள். காலையில், முறை மாறும் நேரத்துக்குப் போங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு.